ஐந்து காது வைத்த பூ

இலஞ்சி தங்கத்தாய்க்குத் தன் நிழல் பின்னால் வந்தால்கூட, எதற்கு வருகிறது என்று திரும்பிப் பார்க்கும் சுபாவம். மிஷன் டீச்சரம்மாவிடம் டாட்டிங் லேஸ் கற்றவள். மாட்டுக்கொம்பில் செய்த, தறி நாடா போன்ற விரல் நீள ஓடத்தில் வெள்ளை நூலைச் சுற்றி, முடிச்சு முடிச்சாகப் போட்டு, இழுத்து வளையமாக்குவாள். வளையத்தின் ஓரத்தில் நிற்கும் குட்டிக் கண்ணிக்குக் காது என்று பேர். வளையத்தை இறுக்கிவிட்டால் அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் தென்காசியில் சைதூன் பீவி வீட்டில் தங்கத்தாயோடு சேர்த்து ஆறு பேர் கூடுவார்கள். அந்த வாரம் பின்னியதைப் பாயில் விரித்துக் காட்டியாக வேண்டும். புதுப் பூவை ஒரு சாண் நீளம் யார் முதலில் பின்னிக் கொண்டுவருகிறாளோ, அவள் பேர்தான் அந்தப் பூவுக்கு. அவர்களில் ஒருத்தியான முப்பிடாதி பின்னிய முப்பிடாதி பூ என்றால் செங்கோட்டை வரைக்கும் தெரியும். தன் பேரிலும் ஒரு பூ வேண்டும் என்பதுதான் தங்கத்தாயின் ஆசை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷச் சாரல் காலத்தில் அவளுக்கு ஒரு புதுப் பூ கைகூடியது. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குள் நாலு விரற்கடைதான் முடிந்திருந்தது.

சைதூன் பீவி கடையநல்லூர்த் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். எந்த நூலையும் கண்ணால் பார்க்க மாட்டாள், விரலால் தடவித்தான் பார்ப்பாள். தங்கத்தாயின் பூவை இரண்டு தரம் தடவினாள். உதடு அசைந்தது.

"என்னக்கா, வாய்க்குள்ள எண்ணுதீய?"

"கைப்பழக்கம்ட்டி."

தங்கத்தாய் நம்பவில்லை. வீட்டுக்குப் போய், நாலு காது வைக்க வேண்டிய வளையம் ஒன்றில் வேண்டுமென்றே ஐந்து வைத்து இறுக்கினாள். களவாடுகிற கை அதையும் சேர்த்துத்தானே களவாடும்? மறு சனிக்கிழமை சைதூனின் விரல் அந்த வளையத்தில் வந்து நின்றது. தப்பென்று சொல்லாமல் அடுத்த வளையத்துக்கு நகர்ந்ததுதான் தங்கத்தாய்க்கு உறுத்தியது.

அடுத்த வாரம் சைதூன் பெட்டியைத் திறந்து ஒரு சாண் லேஸை விரித்தாள். தங்கத்தாயின் அதே பூ. மூன்று வளையத்துக்கு ஒன்றில் ஐந்து காது.

"அப்ப இது சைதூன் பூ" என்றாள் முப்பிடாதி.

"களவுப் பூன்னு வைங்க. அஞ்சாவது காது நான் வேணும்னே வச்சது. யாரு எடுக்கான்னு பாக்க."

சைதூன் அவளையே பார்த்தாள். "வேணும்னேயா வச்சே? நீ தப்பா வச்சுட்டேன்னுல்லா நெனச்சேன். வெட்டுனா அம்புட்டு வேலையும் போயிருமே. மூணுக்கு ஒண்ணு இப்படி வச்சா தப்பே தெரியாது. உனக்குக் காட்டத்தான் கொண்டாந்தேன்."

"காட்டுததுக்கு ஒரு சாண் எதுக்கு?"

"கை நிக்கலட்டி."

தங்கத்தாய் அந்த லேஸைப் புரட்டிப் புரட்டி எண்ணினாள். ஒரு காது பிசகவில்லை. பூ முன்னைவிட எடுப்பாக வேறு இருந்தது.

"பூவுக்கு அவ பேரையே வைங்க" என்றாள் சைதூன்.

சும்மா ஒருத்தி விட்டுக்கொடுப்பாளா? தங்கத்தாய்க்குச் சந்தேகம் இன்னும் கூடியது. "நீங்க குடுத்து எனக்கு வேண்டாம். நானே ஒரு சாண் முடிச்சுக் கொண்டாருதேன், அப்ப வைங்க."

"அஞ்சு காதோடயா?" என்றாள் முப்பிடாதி.

"அந்தக் காதும் நான் வச்சதுதானே."

சைதூன் தோள் குலுங்கச் சிரித்தாள். தங்கத்தாய் சிரிக்கவில்லை. சைதூனின் கை எட்டாத தூரத்துக்குப் பாயில் நகர்ந்து உட்கார்ந்து, மூன்றாவது வளையத்தில் ஐந்தாவது காதை வைத்து இறுக்கினாள்.