சீட்டில்லாமல் போன ஊர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள் அவள். அங்கே எல்லோரும் அவளைச் ‘சீட்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் வந்தால் குழாயைப் பார்க்க மாட்டாள், கூட வந்த சீட்டைத்தான் முதலில் பார்ப்பாள். யாருடைய ரத்தம், எப்போது எடுத்தது, என்ன பார்க்க வேண்டும் என்று எழுதிய சீட்டு இல்லாவிட்டால், பெரிய டாக்டரே தூக்கிக்கொண்டு வந்தாலும் கழிவு போடுகிற சிவப்பு வாளிதான். கெஞ்சினாலும் மசிய மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு சீட்டைத் தானே எடுத்து ஒளித்து வைத்தாள் என்று சொன்னால் கூடத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு, வீடியோ கேம். சிரிக்க வேண்டாம். நாற்பத்திரண்டு வயசில் சிலர் செடி வளர்க்கிறார்கள், சிலர் அடுத்த வீட்டுக் கதையை வளர்க்கிறார்கள். இவள் ஐந்தரை மணிக்கு வேலை விட்டு வந்து, முகம் கழுவி, டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் துப்பறிவாள். அந்த ஒரு மணி நேரம் யாருடைய ரத்தமும் அவள் கையில் இல்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர்கூட அந்த நேரத்தில் குறுக்கே நடக்க மாட்டார்.

கேசட்டுகள் தபாலில் வரும். வாடகைக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று இருந்தது. வேண்டிய ஆட்டங்களை வரிசையாக எழுதி அனுப்பிவிட்டால், முதலில் இருப்பது மஞ்சள் உறையில் வரும். ஆடி முடித்து அதே உறையில் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். கையில் இருப்பது போகாமல் அடுத்தது வராது, அவ்வளவுதான் சட்டம். கெடு என்று ஒன்றும் கிடையாது. ‘ஆசை தீர வைத்திருங்கள்’ என்று உறுப்பினர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். அந்தப் புத்தகம் அவளுடைய மேசை இழுப்பறையில் இருந்தது, வேறு யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் அதுவும் ஒரு காரணம்.

மாமியார் இறந்த பிறகு மாமனார் இவர்களோடு வந்து தங்கினார். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வால்வு திருப்பியவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று ஊருக்கே நேரம் குறித்தவர், வந்த புதிதில் தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்கினார். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அப்போது அவள்தான், ஏதோ தோன்றி, ஊர் கட்டுகிற ஆட்டம் ஒன்றை வரவழைத்தாள். வெறும் பச்சைத் தரை. அதில் ரோடு போட்டு, வீடு கட்டி, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் கொண்டுவந்தால் ஜனங்கள் குடி வருவார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று அவளே அவர் விரலைப் பிடித்துக் காட்டினாள்.

“குழாய் நாமளே போடலாமா?” என்று கேட்டார் அவர். அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

“நீங்கதான் மாமா போடணும்.”

அதன் பிறகு நடந்தது ஊர் அறிந்த விஷயம், அதாவது அந்த ஊர் அறிந்த விஷயம். மனிதர் குழாய் குழாயாகப் போட்டார். மேட்டில் தொட்டி கட்டினார். கசிகிற இடத்தைத் தோண்டி மாற்றினார். சாப்பிட உட்கார்ந்தால், “இன்னிக்கு இருநூறு பேர் குடி வந்தாங்க” என்று கணக்குச் சொன்னார். “எங்களுக்கு ஒரு வீடு கிடைக்குமாப்பா?” என்று மகன் கேட்டால், “மனு போடு, பார்க்கலாம்” என்றார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான பதிவு கேசட்டுக்குள்ளேயே இருக்கும் என்று தெரிந்துகொண்டதும், அணைத்த பிறகு அந்தக் கேசட்டை உருவி ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

முதல் மாதம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது மாதம் பரவாயில்லை என்று இருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து, டிவி முன்னால் அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே என்னமோ குறுகுறுத்தது. அவள் எழுதிக் கொடுத்த வரிசையில் இரண்டாவதாக ஒரு துப்பறியும் ஆட்டம் காத்திருந்தது. கலங்கரை விளக்கத்தில் ஒரு கொலை. நாலு மாதமாகியும் கொலைகாரன் யார் என்று தெரியவில்லை, கொலையே இன்னும் வந்து சேரவில்லை.

“கேட்டுட வேண்டியதுதானே,” என்றார் கணவர்.

கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ‘ஐயையோ, இது உன்னோடதாம்மா’ என்று அந்த நிமிஷமே எழுந்துவிடுவார். திரும்பவும் ஜன்னல் ஓரத்து நாற்காலி. அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அந்தக் கொலைகாரன்மேல் இருந்த ஆசைதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முகத்தைப் பார்க்காமல், துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “மாமா, அந்த கேசட்டைக் கம்பெனில திருப்பிக் கேட்டுட்டாங்க. நாள் ரொம்ப ஆயிடுச்சாம். வேற ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்களாம்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஊர் போகிறதே என்பதற்காக இல்லை.

“காத்துக்கிட்டு இருக்காங்களா? என்னம்மா இது, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நாலு மாசமா அடைச்சு வெச்சிருக்கேனே!”

வாழ்நாள் முழுக்க அடுத்த தெருவுக்குத் திறந்துவிட வேண்டிய நேரத்தில் திறந்துவிட்ட மனிதர். அவரிடம் போய் எந்தப் பொய்யைச் சொல்லக் கூடாதோ அதையே சொல்லியிருந்தாள்.

அன்று மாலையே ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பதிவு செய்து, கேசட்டைத் துணியால் துடைத்து, மஞ்சள் உறையில் போட்டார். கூடவே நாலாக மடித்த ஒரு தாள். “இதையும் உள்ள வெச்சு அனுப்பிடும்மா. அடுத்து வர்றவங்களுக்கு,” என்றார்.

மறுநாள் தபால் பெட்டி முன்னால் நின்றபோது அவளுக்குத் திடீரென்று பயம் வந்தது. கம்பெனிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, ‘நாங்கள் கேட்கவே இல்லையே’ என்று பதில் போட்டால்? பதில் வீட்டுக்கு வரும். பகலில் தபால் வாங்குகிறவர் மாமனார். அவள் தாளை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உறையை ஒட்டிப் பெட்டியில் தள்ளினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பிரித்துப் படித்தாள்.

‘அடுத்துப் பொறுப்பேற்பவர் அவர்களுக்கு’ என்று தொடங்கியது. வாரியத்தில் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும்போது எழுதுவதைப் போலவே எழுதியிருந்தார்.

‘நாலு மாதம் நான் வைத்திருந்தது தவறு. கெடு இருப்பது தெரியாது. மன்னிக்கவும். தற்போது மக்கள் தொகை பதினோராயிரத்து இருநூறு. வடக்கு மேட்டுத் தொட்டியைக் காலையில் முதலில் திறக்கவும். ஆற்றோரத் தெருக் கடைசி வீட்டுக்கு அழுத்தம் குறைவு. மூன்றாம் வால்வைப் பாதி மூடினால் அங்கே ஏறும். மறக்க வேண்டாம், அவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலி மனையில் ஒரு பெஞ்சு மட்டும் போட்டிருக்கிறேன். வரும்படி ஒன்றும் இல்லை என்று ஆட்டம் இடிக்கச் சொல்லும். தயவுசெய்து இடிக்க வேண்டாம். அது சொந்தக் காரணம்.’

மாமியார் போனதிலிருந்து அவரைப் பற்றி மாமனார் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தாளை மடித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

சனிக்கிழமை கலங்கரை விளக்கம் வந்து சேர்ந்தது. நாலு மாதம் ஏங்கிய ஆட்டம். உட்கார்ந்தாள். பின்னால் நாற்காலியில் மாமனார் மரியாதையாக உட்கார்ந்து பார்த்தார். அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. படிக்கட்டில் கிடந்த கையுறையைக்கூட மிதித்துக்கொண்டு போனாள்.

“இந்நேரம் அவங்க கைக்குப் போயிருக்கும், இல்லம்மா?” என்றார் அவர். “நம்ம வரிசைல கடைசியா அதையும் எழுதி வை. அவசரமே இல்ல. திரும்ப வர்றப்போ ஊரை எப்படி வெச்சிருக்காங்கன்னு பார்க்கணும்.”

அவளுக்குப் பகீரென்றது. திரும்ப வருவது வெறும் பச்சைத் தரையாக இருந்தால்? முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் பெஞ்சை இடித்துவிட்டார் என்றல்லவா அவர் நினைப்பார்?

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூடத்துப் போனிலிருந்து கம்பெனியைக் கூப்பிட்டாள். போனை எடுத்த பெண், உறுப்பினர் எண்ணைக் கேட்டு, தாள்களைப் புரட்டினாள்.

“வியாழக்கிழமையே பதிவை அழிச்சாச்சு மேடம். அடுத்தவங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அழிச்சுடுவோம். ஆமா, நீங்க ஏன் அனுப்பினீங்க? இஷ்டம்போல வெச்சிருக்கலாமே!”

“எனக்கு அழிப்பீங்கன்னு தெரியாது. நிறுத்தி வைக்கச் சொல்லி முன்னாடியே கேட்டிருந்தா…”

“கேட்கக்கூட வேணாம் மேடம். உள்ள ஒரு சீட்டு இருந்தாப் போதும். சீட்டோட வந்தா அதைத் தனியா எடுத்து வெச்சு, உங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்போம். சீட்டு இல்லாம வந்தா நேரா அழிக்கிற மேசைக்குத்தான்.”

அவள் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். காலடியில் சிவப்பு வாளி. அன்று காலையில்தான் சீட்டில்லாமல் வந்த மூன்று குழாய்களை அதில் போட்டிருந்தாள்.

“விட்டுடு,” என்றார் கணவர் சாயங்காலம், தெரு முனையிலேயே அவளை நிறுத்தி, நடந்ததைக் கேட்டுவிட்டு. “அவருக்கு எப்படித் தெரியப் போகுது? யாரோ இடிச்சுட்டாங்கன்னு ரெண்டு நாள் புலம்புவார், அவ்வளவுதானே.”

அந்த ‘யாரோ’தான் அவளை விடவில்லை. வீட்டுக்குள் போனதும், செருப்பைக் கழற்றிய கையோடு, மாமனாரின் மடியில் அந்தத் தாளை வைத்தாள்.

“மாமா, கம்பெனில யாரும் கேட்கல. கெடுவே கிடையாது. என் கேம் வரணும்னு நான்தான் பொய் சொன்னேன். இதையும் நான்தான் வெளிய எடுத்தேன்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் எழுதியதையே வேறு யாரோ எழுதியதைப் போலக் கடைசி வரி வரை படித்தார்.

“அப்போ ஊரு?”

“அழிச்சுட்டாங்க மாமா. இந்தச் சீட்டு உள்ள இருந்திருந்தா எடுத்து வெச்சிருப்பாங்களாம்.”

சமையலறையில் குழாய் சொட்டியது. எப்போதும் எழுந்து போய் இறுக்கிவிட்டு வருகிறவர் அன்று எழவில்லை.

“யாருமே காத்துக்கிட்டு இல்லையா?”

“இல்ல மாமா.”

“இருந்தாங்களே,” என்றார் அவர். “நீ இருந்தியேம்மா. நாலு மாசமா கடைசி வீட்ல உட்கார்ந்திருந்திருக்கே. முப்பத்தொரு வருஷம் வால்வு திருப்பினவன், எனக்குத் தெரியாமப் போச்சே.” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா, புகார் சொல்லியிருக்கலாம்மா. பொய் சொல்லியிருக்க வேண்டாம்.”

அவர் கத்தித் தீர்த்திருக்கலாம். அவள் அங்கேயே, கைப்பையைத் தோளில் மாட்டியபடியே அழுதாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு மாதம் அவளுக்கு, ஒரு மாதம் அவருக்கு, கை மாறும் தேதி ஒன்று. முதல் முறை அவளுக்கென்று போட்டிருந்தார். அவள் கலங்கரை விளக்கத்தை ஆடி முடித்தாள். விளக்குக்காரனேதான் கொலைகாரன். அதில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அவர் முறை வந்தபோது பச்சைத் தரை வந்தது. ரோடு போடுவதற்கு முன்னால், குழாய் போடுவதற்கும் முன்னால், தரையின் நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டார். பிறகுதான் அதைச் சுற்றி ஊர் வந்தது. தேதி முடிந்த அன்று ஊரில் நானூறு பேர்தான். “இருக்கட்டும் மாமா, இன்னும் ஒரு வாரம்” என்று அவள் சொன்னதற்கு, கையை நீட்டி ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினார்.

கேசட்டைத் துடைத்து உறையில் போட்டார். கூடவே ஒரு தாளை எடுத்து, மடிக்காமல், எழுதிய பக்கம் மேலே தெரிய அவளிடம் நீட்டினார்.

“இதை உள்ள வெச்சு ஒட்டும்மா.”

ஒட்டுகிற வேலையை அவரே செய்திருக்கலாம். பசை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் தாளை மடித்து, அவர் கண் முன்னாலேயே உள்ளே வைத்து, ஒட்டி, ஒட்டிய இடத்தை விரலால் மூன்று தடவை அழுத்தினாள். முதல் தாள் இன்னமும் அவளுடைய கைப்பைக்குள் இருக்கிறது.