முதல் பக்கம் வேண்டாம் என்றவர்

இணையத் தேடலில் வாடிக்கையாளர்களின் இணையதளத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது ஹடப்சரில் ஒரு நிறுவனத்தில் என் வேலை. ஊரின் மறுகோடியில், போபோடியில், காது கேட்கும் கருவி விற்ற ஓர் அம்மாள் எங்கள் வாடிக்கையாளர். நரைத்த கிராப், தடித்த கண்ணாடி. நான் எழுதுவதையெல்லாம் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்துவார்.

ஒரு நாள், "காது முழுமையாகக் குணமாகும்" என்ற வரியை அடித்தார்.

"இத யாரு சொன்னது தம்பி?"

"ஜனங்க அப்படித்தான் தேடுறாங்க மேடம். போட்டாத்தான் மேல வருவீங்க."

"அரே, காது போனவன் ஆசையில தேடுறான். அவன்கிட்ட பொய் சொல்லவா? பத்தாவது பக்கத்துலயே கிடந்துட்டுப் போறேன்."

"கருவி உதவும்; பழைய காது திரும்பாது" என்று அவரே எழுதிக் கொடுத்தார். என் மேலாளர் போனில் மிரட்டிப் பார்த்தார். "அப்புறம் முதல் பக்கத்துக்கு எங்களால கேரண்டி தர முடியாது மேடம்."

"கேரண்டி இல்லன்னுதான் நானும் எழுதியிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டார். ஒப்பந்தம் அதோடு முடிந்தது.

மறுவருஷம் என் அம்மாவுக்குக் காது மந்தமானது. தேடினேன். முதல் பக்கத்தில் வந்த கடைகளில் பாதிக்கு நானே எழுதியிருந்தேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டு, டிரைவரிடம் போபோடிக்குப் போகச் சொன்னேன்.