அந்த விலாசத்துக்கு வந்த கடிதம்

தியத்தலாவைப் பட்டாள முகாமில் எழுதுவினைஞனாகச் சேர்ந்த மூன்றாவது வருடமே பதுளையில் எனக்கொரு வீடு இருந்தது. தாத்தா எப்போதோ பதிந்து வாங்கிய பிரஜாவுரிமைதான் என்னைப் பட்டாளத்துக்குள் விட்டது. எங்களைப் போலத் தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை அறைகளில் பிறந்த பலருக்கு அந்தத் தாள் கிடையாது. முகாமில் சோறு, கட்டில், உடுப்பு எல்லாம் கிடைத்தன. மற்றவர்கள் சம்பளத்தில் ரேடியோ வாங்கினார்கள். நான் தகரக்கூரை போட்ட இரண்டு அறை வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டேன். அந்த வாடகையில் இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று மனதுக்குள் ஒரு தெருவே எழும்பியிருந்தது.

“என்னடா, பதுளைய வாங்கி முடிச்சாச்சா?” என்று பக்கத்துக் கட்டில் நண்பன் தினமும் கேட்பான்.

“ஸ்டேஷன மட்டும் விட்டு வச்சிருக்கேன்” என்பேன்.

குடிவந்தவர் கடைவீதியில் மூட்டை தூக்குபவர். மனைவி, ஒரு மகள். மாதாமாதம் நான் முத்திரை ஒட்டி, முழு விலாசத்தோடு ரசீது எழுதிக் கொடுத்தேன். படித்தவன் என்ற பெருமை எனக்கு. அவருக்கோ அது வேறு விஷயம். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார், இன்ன இடத்தில் குடியிருக்கிறேன் என்று காட்ட அந்த ரசீதுகளைத் தவிர அவரிடம் எதுவுமில்லை.

“நேர்ல வரச் சொல்லி நம்ம வீட்டுக்குத்தான் கடிதம் வரும் தம்பி” என்பார். ‘நம்ம வீடு’ என்றுதான் சொல்வார்.

அப்போதுதான் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அப்பாவின் பேரை வெட்டினார்கள். அம்மாவும் முன்னமே வேலையை விட்டிருந்தாள். பேர் இல்லாதவர்களுக்குக் குடியிருக்க லயக்காம்பரா இல்லை. மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லி ஆள் வந்ததாகச் செய்தி கிடைத்தது.

குடியிருந்தவரிடம் வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு நாள் லீவில் பதுளைக்குப் போனேன். உடுப்பு மாற்றவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாசலில் பட்டாளத்து உடுப்பைக் கண்டதும் அவர் மனைவி பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் மட்டும் நின்றார்.

“கடிதம் வர்ற வரைக்கும் விடுங்க தம்பி. ஆள் இல்லைன்னு திரும்பிப் போச்சுன்னா என் பேரையே எடுத்துருவாங்க.”

“எங்கப்பாவ ரோட்டுலயா உக்கார வைக்கச் சொல்றீங்க, அண்ணே?”

நானே அவசரமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். விலாசம் அப்படியே இருக்கட்டும்; அப்பா அங்கே இருப்பார்; கடிதம் வந்த அன்றே அது இந்த அண்ணன் கைக்கு வந்துவிடும். எல்லாம் என் பொறுப்பு. அவர் என் தொப்பியைப் பார்த்தார்.

“கவர்மெண்டு ஆளு சொல்றீங்க. சரிங்க” என்றார். அந்த வாரமே அப்புத்தளைப் பக்கம் மச்சானுடைய லயத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களைக் குடிவைத்துவிட்டு, ரயிலுக்கு ஓடிக்கொண்டே சொன்னேன்: “கடிதம் எது வந்தாலும் பத்திரமா வைங்க. என் கையில தவிர யார்கிட்டயும் குடுக்காதீங்க.” முகாமுக்கும் பதுளைக்கும் ரயில்தானே, வாரா வாரம் வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். பத்து நாளில் என்னைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார்கள். லீவு எல்லாம் நின்றது.

மூன்று மாதம் கழித்து வந்தபோது அம்மா தகரப்பெட்டியைத் திறந்து, சாமி படத்துக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துத் தந்தாள். மூலையில் குங்குமம்கூட வைத்திருந்தாள்.

“எப்பம்மா வந்துச்சு?”

“நீ போன மறு மாசம்.”

“அந்த அண்ணன் தேடி வரலையா?”

“ரெண்டு தடவ வந்தாரு” என்றார் அப்பா. “மகன் வரட்டும்னு சொன்னேன். எது யாரு கடிதம்னு எனக்கென்னடா தெரியும்? நீதானே யார்கிட்டயும் குடுக்காதன்னே?”

உறையைக் கிழித்தேன். நேரில் வரச் சொன்ன நாள் போய் ஐந்து வாரமாகியிருந்தது.

அப்புத்தளையில் இறங்கி, மூடுபனிக்குள் நடந்து லயத்தைக் கண்டுபிடித்தேன். உறையைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வந்துருச்சா! நான் சொல்லலையா, தம்பி கொண்டாந்து தருவாருன்னு?” என்று மனைவியைக் கூப்பிட்டார். “வாசிங்க தம்பி.”

வாசித்தேன். தேதியை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ரசீதுக் கட்டை எடுத்து வந்தார். எல்லாம் என் கையெழுத்து.

“இதெல்லாம் காட்டினா கேப்பாங்களா?”

நாள் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, வேறு நாள் தரச் சொல்லி, அந்த வாசலிலேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். பேனா மேல் மூலையில் நின்றது.

“எந்த விலாசம் போட அண்ணே?”

“இந்தக் காம்பரா மச்சான் பேர்ல இருக்கு. நாளைக்கே போகச் சொன்னாலும் சொல்லுவாங்க.” சற்று யோசித்தார். “உங்க வீட்டையே போடுங்க.”

போட்டேன். நான் மறுநாள் மாலைக்குள் கிழக்குக் கரை முகாமில் இருக்க வேண்டும்.