தகப்பனார் பெயர்

வக்கீல் அம்மா. என் மனைவி. அவளுடைய சித்தப்பா. நான். தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே இருந்த வக்கீல் அம்மாவின் சின்ன ஆபீஸ் அறையில் அன்று இவ்வளவு பேர்தான். கரண்ட் இல்லை. வக்கீல் அம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தார். நான் கான்கிரீட் வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். சித்தப்பா போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

என் மனைவி பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். சிறு வயதிலேயே அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். சித்தப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது, தன் இந்தியப் பாஸ்போர்ட்டில் அவளையும் மகள் என்று சேர்த்துக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு அது பொய்யே இல்லை. அண்ணன் செத்தால் அண்ணன் பிள்ளை தம்பி பிள்ளைதான். ஆனால் எங்கள் கல்யாணத்தைப் பதியும்போது அவள் தன்னைப் பெற்ற அப்பாவின் பெயரைச் சொன்னாள். பல வருஷம் கழித்து ரேஷன் கார்டுக்கு விசாரணை வந்தது. இரண்டு அப்பாக்களையும் ஓர் அதிகாரி சேர்த்துப் பார்த்தார். சித்தப்பாவின் மகள் இல்லையென்றால் அந்தப் பாஸ்போர்ட் அவளுக்குச் செல்லாது, அவள் வெளிநாட்டுக்காரி என்று எழுதிவிட்டார். இனி இந்தியப் பிரஜையாகப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். மறுத்துவிட்டால் அவள் திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே அவளுக்கு யாரும் இல்லை. இங்கே மூன்று பிள்ளைகள்.

கல்யாணப் பதிவில்தான் தவறு, சித்தப்பாதான் அப்பா என்று சத்தியம் செய்துவிட்டால் சுலபமாக முடியும் என்று வெளியே ஒரு புரோக்கர் சொல்லியிருந்தான். அதை நான் வக்கீல் அம்மாவிடம் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பாவ ஒருக்கா சாகக் குடுத்தாச்சு. இப்ப பேப்பர்லயும் சாகடிக்கணுமா?"

வக்கீல் அம்மா தலையாட்டினார். அவர் பேசுவது மலையாளம் கலந்த தமிழ். "வேண்டா. உள்ளதச் சொல்லுவோம். வருஷம் கொறே ஆகும், நெறைய ஆகும். அண்ணாச்சிக்கும் பிரஸ்னம் வரும், கேட்டோ. அன்னிக்கு எழுதினது பொய்யில்லையான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்மா," என்றார் சித்தப்பா. "என்ன பண்ணுவாங்க? கப்பல்ல ஏத்தி விடுவாங்களா? வரும்போதே வாந்தி எடுத்துப் பாதி செத்தேன். மிச்சத்தக் கடல்ல முடிச்சுக்குறேன்."

வக்கீல் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வருஷங்கள் ஆயின. போலீஸ் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், மறுபடி போலீஸ் ஆபீஸ். வக்கீல் அம்மா ஆறுதல் சொல்லத் தெரியாதவர். "நாளைக்கு வரணும்" என்பார். போனால் எங்களுக்கு முன்னே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டு, உமக்கு எத்தனை மகள் என்று கேட்டார்கள். "பெத்தது ரெண்டு, வளர்த்தது ஒண்ணு. இதுல எதக் கழிக்கணும்?" என்றாராம். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டதாக வக்கீல் அம்மா சொன்னார்.

அவளைப் பிரஜையாகப் பதிந்த உத்தரவு வந்தபோது சித்தப்பா உயிரோடு இல்லை. தகப்பனார் பெயர் என்ற இடத்தில், நான் பார்த்தேயிராத என் மாமனாரின் பெயர் இருந்தது. மனைவி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் சித்தப்பாவை நினைத்து அழுதாள். வக்கீல் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "போய்ச் சோறு சாப்பிடுங்க," என்றார். சில வருஷத்தில் அவரும் தொழிலை விட்டு மகளிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்று பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் மலையாளத்தில்தான் சண்டை போடுகிறார்கள். போன தேர்தலுக்கு ஒரு பையன் நோட்டீஸோடு வந்தான். இந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி அடுக்களையிலிருந்து சொன்னாள்.

ஐந்து.