என்னை ‘மேடம்’ என்று அழைத்த அம்மா

போன கோடை விடுமுறையில், எங்கள் ஊர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது இது. எந்த ஏரியா என்று சொல்ல மாட்டேன். நான் சென்னையில் மானுடவியல் இளங்கலை படிக்கிறேன். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரர்களே அலுத்துவிட்டார்கள். கடைசி வருட ஆய்வுக்கு, பனியன் கம்பெனிப் பெண்களின் அன்றாட வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன்.

பல கம்பெனிகளில் வாட்ச்மேனைத் தாண்டவே முடியவில்லை. கடைசியில் சரி என்றது, அம்மா வேலை பார்க்கும் கம்பெனி. அப்பா இல்லாத வீட்டில் என் படிப்புச் செலவு அந்த வேலையில்தான் ஓடுகிறது. அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை. திடீரென்று போய் நின்று அசத்த வேண்டும் என்று ஆசை.

மேனேஜர் கூடவே வந்தார். நாலைந்து பெண்களிடம் பேசிவிட்டு, செக்கிங் பகுதிக்குப் போனோம். தைத்து வந்த பனியன்களில் ஓட்டை, கறை பார்க்கும் மேஜையில் அம்மா. முகத்தில் புத்தம்புது மாஸ்க். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“வாங்க மேடம்” என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணில் விளையாட்டு இல்லை. எதுவானாலும் கேளுங்கள் என்று மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் உற்சாகப்படுத்தினார். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, பெற்ற தாயிடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டேன்.

“எட்டு மணி நேரந்தானுங்க மேடம். ஓவர்டைம் எல்லாம் நாங்களா விருப்பப்பட்டாத்தானுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருட்டிய பிறகு கால் வீங்கி வந்து, நான் சுட்ட தோசையைப் பாதியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போகிறவர் அவர். அதுமட்டுமில்லை, அதுவரை பேசிய அத்தனை பெண்களும் இதையேதான் ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருந்தார்கள். தகவல் எல்லாம் எவ்வளவு அழகாக ஒத்துப்போகிறது என்று மகிழ்ந்துபோயிருந்தேன், மடச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில், கோழிக்கறி கழுவிக்கொண்டே அம்மாதான் ஆரம்பித்தார். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், வேலைக்காரர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது சொல்வதற்கென்று மனப்பாடம் செய்த பதில்களாம் அவை. காலேஜிலிருந்து யாரோ வருகிறார்கள் என்றதும், அதையே சொல்லச் சொல்லி மாஸ்க்கும் கொடுத்துவிட்டார்களாம்.

“நீ என்ற புள்ளைன்னு தெரிஞ்சா, நாளைக்கு நீ எழுதறதுக்கெல்லாம் என்னையத்தான கூப்புட்டுக் கேப்பாங்க? வேலை போயிட்டா நீ எப்படிப் படிப்பே கண்ணு?”

அம்மா கையைத் துடைத்துவிட்டு என் போனைப் பார்த்தார்.

“இப்ப ஆன் பண்ணு. ஊட்டுல கேட்டா நெசத்தைச் சொல்றேன். பேரு மட்டும் போட்டுறாத.”

தகவல் தருபவருக்குத் தீங்கு வரக் கூடாது, பெயரை மறைக்க வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். அது என் அம்மாவைப் பற்றிய பாடம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அம்மா சொன்னதைப் பெயரில்லாமல் எழுதிய அறிக்கையைப் படித்த பேராசிரியர், இந்தப் பெண் உன்னை எப்படி இவ்வளவு நம்பினார் என்று வியந்தார். சிரித்து மழுப்பினேன்.

இரண்டு பதிவுகளும் இன்னும் என் போனில் இருக்கின்றன. ஒன்றில் நான் மேடம், இன்னொன்றில் கண்ணு. அம்மா இன்றைக்கும் அதே மேஜையில்தான் நிற்கிறார், அதனால்தான் இங்கேயும் நான் பெயர் போடவில்லை.