பின்னால் திரும்பிய காது

மயிலாடியில் எங்கள் பட்டறை வாசலில் ஒரு கல்குதிரை நிற்கிறது. அதன் வலது காது முன்னால் பார்த்திருக்கும், இடது காது பின்னால் திரும்பியிருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேடு. சிலை வாங்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அதன் கழுத்தைத் தடவாமல் ஒருவரும் வருவதில்லை. உள்ளே நான் கொத்திய நந்திகளும் பிள்ளையார்களும் வரிசையாக இருக்கின்றன. அவற்றை யாரும் தடவுவதில்லை, விலை மட்டும் கேட்கிறார்கள்.

குதிரையைக் கொத்தியது என் தங்கையின் கணவன். ஒரே பட்டறையில் உளி பிடிக்கப் பழகியவர்கள் நாங்கள். தங்கையைக் கட்டிய பிறகும் என்னை மக்கா என்றுதான் கூப்பிடுவான். வேலையில் என் கைதான் சுத்தம் என்று ஊரே சொல்லும், அவனும் சொல்வான். நீலகிரிப் பக்கம் ஒரு மலைக்கோவிலில் அம்மன் சிலை நிறுத்த நான்தான் போக வேண்டியது. கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து எனக்குக் காய்ச்சல். அவன் போனான். போன இடத்தில் காட்டுக்குதிரைகளைப் பார்த்துவிட்டான்.

சவாரிக்கு வளர்த்து, வயதானதும் அவிழ்த்துவிட்ட குதிரைகள் மலையிலேயே பெருகியிருந்தன. அவற்றின் குட்டிகளுக்குக் கடிவாளம் என்றால் என்னவென்று தெரியாது. திரும்பி வந்தவன் டீக்கடையிலும் பட்டறையிலும் வேறு பேச்சே பேசவில்லை. "குதிர சும்மா நிக்காது மக்கா. ஒரு காது நம்மளப் பாத்திருக்கும், மத்தது பொறத்தால குட்டி வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நீ பாத்திருந்தா கொத்தாம விட்டிருக்க மாட்ட." கடைசியில் சொன்னதுதான் என் வயிற்றை எரித்தது. நான் பார்க்கவில்லையே.

அடுத்து ஒரு சாஸ்தா கோவிலுக்குக் குதிரை கேட்டு வந்தார்கள். அவன் ஆசையாகக் கேட்டு வாங்கிக் கொத்தினான், அந்தக் காதோடு. பார்க்க வந்த கோவில்காரர்கள் முகம் சுளித்தார்கள். சாமி குதிரைக்கு இரண்டு காதும் ஒன்றுபோல விறைத்து நிற்க வேண்டும், இது மிரண்ட குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் அவசரமாக வேறொன்று கொத்திக் கொடுத்தேன். கோவிலில் நிறுத்திய பிறகுதான் கருவிழியைக் கீறுவது எங்கள் வழக்கம். என் குதிரைக்குக் கண் திறந்தது. அவனுடையது கண்ணில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. அவனுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. "கண்ணு எதுக்கு மக்கா, அதான் காது கேக்குல்லா" என்று சிரித்தான். கொஞ்சம் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வருடம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். இந்த வருடம் நான் அந்த மலைக்குப் போனேன். அவன் சொல்லாத ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. விடிந்து வெகுநேரம் புல்மேட்டில் மூடுபனி விலகவில்லை. விலகியபோது குதிரைகள் நின்றிருந்தன. செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக்குதிரை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஒரு காது என் பக்கம் இருந்தது, மற்றது மெல்லப் பின்னால் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு குட்டி வந்து அதன் வயிற்றில் முட்டியது. எனக்கு எங்கள் பட்டறை வாசல்தான் தெரிந்தது. அவ்வளவு தூரம் போய், என் சொந்தக் கண்ணால் நான் பார்த்ததும் அவனுடைய குதிரையைத்தான்.

ஊருக்கு வந்ததும் தங்கை கேட்டாள். "நீயும் பாத்துட்டு வந்துட்டல்லா அண்ணே. அவரு குதிரைக்குக் கண்ணத் தொறந்து விடு."

மறுநாள் காலையில் சின்ன உளியோடு குதிரைக்கு முன்னால் நின்றேன். கண்ணைத் திறந்துவிட்டால் குதிரையில் பாதி என்னுடையதாகிவிடும். அதை எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். உளியைக் கண்மேட்டில் வைத்தபடி நிமிர்ந்தபோது இடது காது கண்ணில் பட்டது. அது பட்டறைக்குள், அவன் உட்கார்ந்து கொத்திய மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த மூலையில் இப்போது யாருமில்லை.

உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதல் தடவையாக நானும் அதன் கழுத்தைத் தடவினேன். இத்தனை வருடம் எத்தனை பேர் கை பட்டதோ, கல் வழுவழுவென்று இருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.