வெளிநாட்டுப் பணத்தில் நடந்த வீடு

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஆறு வயது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் எங்களைத் தங்கவைத்தார்கள். வெளிநாட்டு உதவியில் நடந்த வீடு. சாப்பாடு, கொதிக்கவைத்த தண்ணீர், அவசரத்துக்கு ஒரு வேன். காலையும் மாலையும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்ப்பார்கள். மருந்து ஏறிய உடம்பில் காய்ச்சல் வந்தால் தாமதிக்கவே கூடாது.

பக்கத்துக் கட்டிலில் திருவிடந்தையிலிருந்து வந்த மீன்காரம்மாவும் அவர் மகளும். அந்தப் பிள்ளைக்கும் அதே நோய். இரண்டு மொட்டைத் தலைகளும் ஒரே தலையணையில் கிடந்து போனில் கார்ட்டூன் பார்க்கும்.

ஒருநாள் வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மா எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அவங்க நாட்டுல உதவிய நிறுத்திட்டாங்க. இந்த மாசத்தோட மூடறோம்" என்றார்.

நாங்கள் செங்கல்பட்டிலேயே என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். மீன்காரம்மாவையும் கூப்பிட்டேன்.

"ஒரே ரூமுல அத்தினி பேரு கீறீங்க. நாங்க வேறயா? பஸ்ல வந்து போய்க்கறேன், வுடு தங்கச்சி."

இரண்டு பஸ் மாறி வந்துபோனார். கூட்டத்தில் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நிற்பாராம். அப்படிப் போன ஒரு சாயங்காலம் பிள்ளை சுருண்டு படுத்திருக்கிறாள். மறுநாள் மீன்காரம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது நான் வார்டு வாசலில் நின்றிருந்தேன்.

"பஸ்ல வந்த அலுப்புன்னு நெனச்சிட்டேன் தங்கச்சி, தூங்கட்டும்னு வுட்டுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிருமி ரத்தமெல்லாம் பரவிவிட்டது என்றார் டாக்டர். பிள்ளை கண் திறக்கவே இல்லை.

என் மகள் பிழைத்தாள். அதனாலேயே அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்துத்தான் போனேன், தனியாக. ஈசிஆர் ரோட்டோரம் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை.

"பாப்பா எப்டி கீது? முடி வளந்துட்ச்சா?"

தலையாட்டினேன்.

"போட்டோ இருந்தா காட்டு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். மீன் விலை கேட்டு ஒருவர் வந்து நின்றார், மீன்காரம்மா நிமிரவில்லை.

"ரெட்ட ஜடை போட்டுக்கினு கீது" என்றார்.